நாடா யார் கழுத்தில்

ஜனவரி 8

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். நலம் என்றால், அவருக்கு மணிக்கட்டு வலி, எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதும் மந்தம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. போனில் நீ பேசுவது தகரடப்பாவுக்குள் யாரோ உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. போதாததற்கு அத்தான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று பிடுங்கி எடுக்கிறார். அதனால் இனி நமக்குக் காகிதம்தான். நீ ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் என்றாலும் நம் வீட்டில் உன் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும்.

உன் வீட்டுக்காரர் போய் வருடம் திரும்பப் போகிறது. கீழே சோபா தைக்கிற கடை, மேலே இரண்டு அறை, நடுவில் நீ ஒற்றை ஆள். நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையை உனக்காக ஒழித்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் பழைய சைக்கிள், ஓடாத மின்விசிறி என்று குப்பை எல்லாவற்றையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தார். வெளியே எடுத்தாகிவிட்டது. ஜூனுக்குள் கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர். இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சியின் வணக்கம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். அவர் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

துணி வெட்டும்போதுதான் கஷ்டம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன், மறுமுனையைப் பிடிக்க அவர் வருவார் என்று. பிறகுதான் உறைக்கிறது. இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அந்த முனையில் வைத்துவிட்டு வெட்டுகிறேன். அறை ஒழித்ததற்கு நீ மகராசியாக இரு. ஜூனுக்குள் வந்துவிடுகிறேன். உத்தரவு என்றால் உத்தரவுதான்.

ஒரு விஷயம். போன வாரம் இங்கே இருக்கிற பல் டாக்டர் அம்மா கடைக்கு வந்தார். நீளமான மரப்பெஞ்ச் ஒன்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கறுப்பு ரெக்சின் போட்டு, நாலு மூலையிலும் இரும்பு வளையம் வைத்துத் தர வேண்டுமாம்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"உடற்பயிற்சிக்கு."

நான் பெஞ்சைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடியும் பெஞ்சைப் பார்த்தேன்.

"வளையத்தை இந்த மூலையில வெச்சா தோள்பட்டை பிடிச்சுக்கும். நாலு விரல் கீழ இறக்கிடறேன், எவ்வளவு நேரம் வேணாலும் படுத்திருக்கலாம்" என்றேன்.

அவருக்கு முகம் காதுவரைக்கும் சிவந்துபோனது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் பழக்கம்தான்."

அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். அக்கா, கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கே திடுக்கென்றது. யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

கட்டெறும்பு


பிப்ரவரி 5

அன்புள்ள கட்டெறும்புக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்ன அனைவரும், இருப்பதே இரண்டு பேர்.

அறைக்கு வண்ணம் அடித்தாயிற்று. எனக்கு வெளிர்பச்சை பிடித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் பெயின்டரிடம், "அவளுக்கு மஞ்சள்னா உசுரு, மஞ்சளே அடிச்சிடு" என்று சொல்லிவிட்டார். மஞ்சளும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ எழுதியது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடற்பயிற்சி பெஞ்சுக்கு வளையம் எதற்கு? பல் டாக்டர் என்றால் பல்லைத்தானே பிடுங்குவார், தோளோடு அவருக்கு என்ன வேலை? எப்படியோ, சிரித்தாயே, அது போதும். நாலு பேரோடு பேசிப் பழகு. ஜூன் வரைக்கும் பொழுது போகும்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். நிஜமாகவே நலம், இந்தத் தடவை எழுதலாம் என்றே எழுதுகிறேன்.

பல் டாக்டர் அம்மா என்னை ஒரு சங்கத்துக்கு அழைத்துப் போனார். சங்கம் என்றால் போர்டு, ரசீது எதுவும் கிடையாது. சனிக்கிழமை மதியம் டிரைவிங் ஸ்கூலில் வகுப்பு இருக்காது. அந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். சுவரெல்லாம் சாலை அடையாளப் பலகை. 'ஒலி எழுப்பாதே'க்குக் கீழே நான் உட்கார்ந்தேன். டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். எல்லாரும் நடுத்தர வயது, ஒருவர் இருவர்தான் முப்பதுக்குப் பக்கம். டிரைவிங் ஸ்கூல் முதலாளிதான் தலைவர் மாதிரி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் ஊரையே மிரட்டின குரல். அந்த மனுஷன் யாரும் கேட்காமலே எல்லார் டம்ளரையும் கழுவி அடுக்குகிறார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்கா, எனக்குச் சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. புதன்கிழமையே புடவை எடுத்து வைத்துவிடுகிறேன். நடந்து போகும்போது கால் தரையில் பாவவில்லை. அவர் போன பிறகு இப்படி இருக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றும், அடுத்த நிமிடம், இதை அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல முடியவில்லையே என்று இருக்கும். இரண்டும் ஒன்றாகவே வருகிறது.

ஒரு வேண்டுகோள். நான் வருவதை ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா?

கட்டெறும்பு


மார்ச் 6

கட்டெறும்புக்கு,

நலம். நீ நலமா.

நேராகவே கேட்கிறேன். கடையைக் கொடுத்துவிட்டு வரப்போகிறவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் என்ன வேலை? என்ன சங்கம் அது? உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், சங்கத்தில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அந்த இன்ஸ்பெக்டர் யார்? பெண்டாட்டி இருக்கிறாளா?

நீ இன்னொருவரைக் கட்டிக்கொள்ள நினைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். மறைக்காதே, அவ்வளவுதான். அத்தானிடம் இதெல்லாம் சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கை ஓயவில்லை. சங்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் தைக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் பெண்டாட்டி இல்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை.

மஞ்சள் அறைக்கு ஒரு தலையணை உறை தைத்துத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் வாத்து வரிசையாகப் போகும். சின்ன வயதில் நீ படம் போட்டால் வாத்துதான் போடுவாய்.

கட்டெறும்பு


ஏப்ரல் 14

அன்புள்ள கட்டெறும்புக்கு,

பார்சல் வந்தது. வாத்தைத் தேடினேன், காணோம். உள்ளே கைக்குப் போடுகிற பட்டைகள்தான் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் சாம்பல். அத்தானுக்கு மணிக்கட்டு வலி என்று எழுதியிருந்தேனே, அதற்காகத்தான் தைத்தாய் என்று அவரே முடிவுகட்டி, அப்போதே ஒன்றை மாட்டிக்கொண்டார். "என் கொழுந்தியாளுக்கு இருக்கற அக்கறை இந்த வீட்டுல யாருக்கு இருக்கு" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைத்தெருவுக்கும் அதோடுதான் போகிறார். முடிவெட்டுகிற கடையில் எல்லாரிடமும் காட்டினாராம். வலி பாதி குறைந்துவிட்டது என்கிறார்.

ஆனால் ஒரு ஆளுக்கு இத்தனை எதற்கு? எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்? தையலில் பிசிறே தெரியவில்லை. அவர் ஒரு நாள் சிவப்பைக் காட்டுகிறார், ஒரு நாள் சாம்பலைக் காட்டுகிறார்.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஐயோ. ஐயோ அக்கா.

இரண்டு பார்சலுக்கும் ஒரே பழுப்புக் காகிதம், ஒரே சணல் கயிறு. உன்னுடையது டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டது. எல்லார் முன்னாலும் தலைவர் பிரித்தார். வாத்து வரிசையாக வந்தது. இன்ஸ்பெக்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கையில மாட்டணும்?" என்று பயபக்தியோடு கேட்டார். பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்துவிட்டது.

இனி மறைக்க முடியாது. மறைக்கவும் மனசில்லை. உட்கார்ந்து படி.

அத்தான் கையில் இருப்பது வலிக்குப் போடுவது அல்ல. சிவப்பு என்றால் சொல்கிறவர். சாம்பல் என்றால் சொன்னபடி கேட்கிறவர். எங்கள் சங்கம் அதற்குத்தான்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இது புதிதல்ல. கல்யாணமான இரண்டாவது வருடம், ஒரு நாள் விளையாட்டாகக் கடையின் அளவு நாடாவை என் கழுத்தில் போட்டு, "இன்னைக்கு நீதான் முதலாளி, சொல்லு" என்றார். நான் "கீழ உட்காரு" என்றேன். உட்கார்ந்தார். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை, வேறொன்று வந்தது. அவருக்கும் வந்தது. மறுநாள் நாடாவை நான் அவர் கழுத்தில் போட்டேன். அன்றிலிருந்து நாடா யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் சொன்னால் சொன்னதுதான். யார் வேண்டுமானாலும் கழற்றி அடுத்தவருக்குப் போடலாம். கடையைப் பூட்டிவிட்டு மாடிக்குப் போனபிறகும் அப்படித்தான். சோபாவுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கிற பருத்திப் பட்டை இருக்கிறதே, அது கையை அறுக்காது. சில நாள் அதற்குள் என் கைகள், சில நாள் அவர் கைகள். இதற்கு மேல் எழுத மாட்டேன், எனக்கும் வெட்கம் இருக்கிறது. 'கொடுமைப்படுத்தினானா' என்று மட்டும் கேட்காதே. நான் "போதும்" என்றால் அந்த இடத்திலேயே நிற்கும். அவர் "போதும்" என்றாலும் நிற்கும். இருபது வருடத்துக்கு மேல் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் தொட்டதில்லை. எத்தனை வீட்டில் அப்படி இருக்கிறது?

நீ ஒருமுறை வந்திருந்தாய். சாப்பாட்டு நேரத்தில் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டினபிறகுதான் உட்கார்ந்தார். நீ பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் போய், "உன் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதை தெரிந்தவர்" என்று எழுதினாய். நாங்கள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவர் போன அன்று காலையில் நாடாவை என் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் வண்டியிலிருந்து சோபா மரம் இறக்கப் போனார். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் முறை அதோடு முடியவே இல்லை அக்கா. கழற்றிப் போட ஆள் இல்லை. எல்லாவற்றையும் நானே சொல்லி, நானே கேட்டுக்கொண்டு, களைத்துப்போயிருந்தேன். நீங்கள் எல்லாம் துக்கம் என்று சொன்னீர்கள். துக்கம்தான், அதில் பாதி இந்தக் களைப்பு.

இந்தச் சின்ன ஊரில் இப்படி நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தோம். பெரிய ஊர்களில் இருப்பார்கள், நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். இங்கேயே பன்னிரண்டு பேர்! பேங்கில் என் டோக்கனை வாங்குகிறவர் ஒருவர்! வெளியில் பார்த்தால் யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. அவர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறார், எனக்குத்தான் சிரிப்பை அடக்கி வயிறு வலிக்கிறது. வகுப்பறையில் சிக்னல் விளக்குப் பலகை இருக்கிறது. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்று யார் சொன்னாலும் எல்லாம் அந்த நொடியே நிற்க வேண்டும். அதையே எங்கள் சட்டமாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் தலைவருக்கும் ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டது. பழைய பட்டைகள் நைந்துவிட்டன, புதிதாகத் தைக்கச் சொன்னார். "உங்களுக்கு எந்த நிறம்?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றேன்.

"அதெப்படி? ஒண்ணு சொல்றவங்க, இல்ல கேக்கறவங்க. ரோட்டுல ரெண்டு பக்கமும் ஓட்ட முடியுமாம்மா?"

"அப்ப ரிவர்ஸ் கியர் எதுக்கு வெச்சிருக்கான்?"

அறையே கொல்லென்று சிரித்தது. அவருக்குச் சுருக்கென்றுவிட்டது. நான் வீட்டுக்கு வந்து எல்லாப் பட்டையையும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் சாம்பலாகத் தைத்தேன். ஒரு நிறம் போதும் என்கிறவர் அதையே போட்டுக்கொள்ளட்டும், திருப்ப வேண்டும் என்கிறவர் திருப்பட்டும். அதைத்தான் அத்தான் முடிவெட்டுகிற கடையில் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

மற்றவற்றை அனுப்பிவை. என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் எழுது.

கட்டெறும்பு


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் அத்தானும் நலமா? தபால்காரர் இந்தத் தெருவுக்கு வராமல் இல்லை. தினமும் என் வாசலைத் தாண்டித்தான் போகிறார்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை பல் டாக்டர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு நாளா அந்த நாடாவைக் கழுத்துலயே போட்டுட்டிருக்கீங்க?"

"அவர் போனதுலேர்ந்து."

"ஒரு மணி நேரம் நான் வெச்சிருக்கட்டுமா?"

நான் சிக்னல் பலகையைப் பார்த்தேன். "பச்சை" என்றேன். கழற்றிக் கொடுத்தேன். கழுத்து லேசாகிவிட்டது, பஞ்சை எடுத்த தலையணை மாதிரி தலை ஆடியது.

"ஜன்னல் பக்கத்து நாற்காலியில உட்காருங்க. கையை மடியில வைங்க. டீ வரும். நான் சொல்றப்பதான் குடிக்கணும். வேற எதையும் நீங்க யோசிக்க வேண்டாம், நான் இருக்கேன்."

டீ வந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த டீயை எப்போது குடிப்பது என்பதுகூட என் பொறுப்பு இல்லை என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. யாரும் "அழாதே" என்று சொல்லவில்லை. "மஞ்சளா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டி, "இல்ல, பச்சைதான்" என்றேன். ஆறவிட்டு, "இப்ப குடிங்க" என்றார். அப்படி ஒரு டீ நான் குடித்ததே இல்லை.

திரும்பி வந்து வீட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு தைத்தேன்.

கடையை வாங்க ஒருவர் வந்தார். மிஷினைத் தொட்டுப் பார்த்தார், மரத்தைத் தட்டிப் பார்த்தார். கையை எடுக்கச் சொன்னேன். கொடுக்கவில்லை என்று அனுப்பிவிட்டேன். அக்கா, நான் வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை. எனக்கு அறை வேண்டாம், அக்கா வேண்டும். அறைக்கு வராவிட்டால் அக்காவும் கிடையாது என்றால் அதையும் எழுதிவிடு, தெரிந்துகொள்கிறேன்.

கட்டெறும்பு


ஜூன் 16

கட்டெறும்புக்கு,

நலம். அத்தானும் நலம். மணிக்கட்டு பரவாயில்லை.

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. முதல் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. துணிகளுக்கு அடியில் வைத்தேன். எடுத்துப் படித்தேன். மறுபடி வைத்தேன். எழுத உட்கார்ந்தால், பத்து வயதில் நீ என்னை மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது ஞாபகம் வந்து, கோபமா சிரிப்பா என்று தெரியாமல் பேனாவை மூடிவிடுவேன்.

பட்டைகளை அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்க்காதே.

ஒன்று கேட்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருக்கலாம் என்கிறாய். சரி. ஆனால் கல்யாணமான நாள் முதல் ஒரே பக்கமாகவே கிடந்தவர்கள், இத்தனை வருடம் கழித்துத் திருப்பிப் போட முடியுமா? துணி அதற்குள் விறைத்துப்போயிருக்காதா?

இது பொதுவாகக் கேட்பது.

அக்கா


ஜூலை 1

என் அக்காவுக்கு,

ஆயிரம் வணக்கம். உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு!

பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகச் சொல்கிறேன். பழைய சோபாவைப் பிரித்தால் துணியின் உள்பக்கம் அப்படியே புதிதாக இருக்கும். வெயில் படவில்லை, கை படவில்லை, நிறம் போகவில்லை. எத்தனையோ பேருக்கு அதையே திருப்பித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். "புதுத் துணி போட்டீங்களா?" என்று கேட்பார்கள். முதல் வாரம் கொஞ்சம் முரடாக இருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்துதான் பதப்படும்.

கேட்டவருக்கு இதையும் சொல். வாய்விட்டுக் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் மனசார 'சரி' என்று சொல்ல வேண்டும். பிடுங்கிக்கொண்டால் அது இது இல்லை, வெறும் அதிகாரம், அது எல்லா வீட்டிலும் மலிந்து கிடக்கிறது. சின்னதாக ஒன்றில் தொடங்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம். 'வேண்டாம்' என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே நடந்ததைக் கேள். பட்டைகளை மேஜையில் பரப்பினேன். கொஞ்ச நேரம் யாரும் எடுக்கவில்லை. பேங்க்காரர்தான் முதலில் எடுத்தார், இத்தனை வருடம் சிவப்பு போட்டவர். மாட்டினார். பார்த்தார். கழற்றினார். சாம்பல் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினார். பின்னாலேயே ஒவ்வொருவராகத் திருப்ப ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்குமேல் மனசில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், கேட்டால் சங்கத்தில் இடம் போய்விடுமோ என்று பயந்திருக்கிறார்கள்! இன்ஸ்பெக்டர் மட்டும், "எனக்கு இதெல்லாம் வேணாம்பா, கத்திக் கத்தித் தொண்டை போச்சு, சாம்பலே போதும்" என்றார். அதுவும் சரிதான். தலைவர் கடைசிவரை கைகட்டி நின்றுவிட்டு, "அந்த ரிவர்ஸ் கியரை எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார். கைதட்டலில் சாலைப் பலகை ஒன்று கழன்று விழுந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் நாடா சில நேரம் என் கழுத்தில், சில நேரம் இல்லை. போன வாரம் இன்ஸ்பெக்டர் என் கடைக்கு வந்து, நான் சொல்லச் சொல்ல, முழங்காலிட்டு மிஷினுக்கு எண்ணெய் விட்டார். இந்த வாரம் நான் பல் டாக்டர் சொன்னபடி. என் வீட்டுக்காரர் இடத்துக்கு யாரும் வரவில்லை, வரவும் முடியாது. ஆனால் என் கைக்கும் கழுத்துக்கும் உயிர் வந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு வர முடியாது. உன் மேல் பாசம் குறைந்தல்ல. புரிந்துகொள்வாய் என்று இப்போது தோன்றுகிறது.

மஞ்சள் அறைக்கு மட்டும் மன்னித்துக்கொள்.

கட்டெறும்பு


ஆகஸ்ட் 11

என் கட்டெறும்புக்கு,

நலம். நலம் என்று வெறுமனே எழுதவில்லை.

நீ வராவிட்டால் போ. உனக்குத் துணை, உனக்குத் துணை என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன், கவனித்தாயா? துணை வேண்டியிருந்தது எனக்கு. காது கேட்காது என்று ஆனதும், எனக்கு வருகிற கேள்விக்கெல்லாம் உன் அத்தானே பதில் சொல்லப் பழகிவிட்டார். டாக்டரிடமும் அவர்தான், கடையிலும் அவர்தான். "அவளுக்கு டீ வேணாம்", "அவ வரமாட்டா", "அவளுக்கு இது பிடிக்காது". கெட்ட மனுஷன் இல்லை. என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றாத மனுஷன். ஒரு சாட்சிக்காவது நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அவரை எதிரில் உட்காரவைத்தேன். "எனக்கு வாரத்துல ஒரு நாள் வேணும்" என்றேன்.

"எதுக்கு, ஓய்வுக்கா?"

"இல்ல. அன்னிக்கு நான் சொல்றதை நீங்க கேக்கணும். உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

எழுந்தார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துபோனேன், ஏதோ உடைந்துவிட்டது என்று. சாயங்காலம் உள்ளே வந்து, "ஞாயித்துக்கிழமைன்னா எனக்குச் சரி" என்றார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பொண்ணு பார்க்க வந்த அன்றுகூட அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் அறை என்னுடையது. உனக்கென்று போட்ட கட்டிலில் நானே காலை நீட்டிப் படுக்கிறேன். கேட்காமல் அவர் உள்ளே வரக் கூடாது. முதல் ஞாயிறு இரண்டு தடவை மறந்துபோய் வந்துவிட்டார், திருப்பி அனுப்பினேன். இரண்டாவது தடவை வேண்டுமென்றேதான் மறந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த வயதில் உள்ளங்கை வியர்க்கிறது, சொன்னால் சிரிப்பாய்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே தட்டுகிறார். எனக்குக் கேட்க வேண்டும் என்று ஓங்கித்தான் தட்டுகிறார், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"யாரு?" என்றேன்.

"நான்தான். உள்ள வரலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றிருக்கிறேன். நிற்கிறார். கடிதத்தை முடித்து, மடித்து, உறையில் போட்டு, ஒட்டின பிறகுதான் கதவைத் திறக்கப் போகிறேன். பசை வேறு கெட்டியாகிக் கிடக்கிறது. நேரமாகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா